சனிக்கிழமை காலை சைக்கிள் ஓட வாய்க்கால் கரைக்கு வாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

தரம் 5 உடன் எங்கள் பாடசாலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பிள்ளைகளில் பலர் ஏ9 வீதியால் தனியே சைக்கிளில் பெரிய பாடசாலைக்குப் போகவேண்டும். காலையில் வாசலில் நின்று பார்க்கிறேன், தரம் 5 பிள்ளைகள் இன்னும் அப்பாவின் கரியரில் இருந்துதான் இறங்குகிறார்கள். பஸ்ஸும் டிப்பரும் இரைந்து போகிற வீதியில் சைக்கிள் பழகமுடியாது. இப்போதே பழகட்டும்.

பாடசாலைக்குப் பின்னால் ஓடும் இரணைமடுக் குளத்துக் கிளை வாய்க்காலின் கரையில் கிரவல் பாதை இருக்கிறதல்லவா, அதுதான் இடம். தெற்கே பெரிய மருதமரம் வரை ஒன்றரைக் கிலோமீற்றர், போய்வர மூன்று. தண்ணீர் தானாக வழிந்தோடும் அளவுக்கு மட்டும்தான் வாய்க்காலைச் சரித்து வெட்டுவார்கள். ஆகவே அதன் கரையிலும் ஏற்றம் இறக்கம் தெரியாது. எதிரே வந்தால் மாட்டுப்பட்டி வரும், இல்லாவிட்டால் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வரும்.

காலை 6.30க்கு வெளிக்கிடுவோம். வெயில் ஏறினால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றும் ஏறிவிடும். போகும்போது எதிர்க்காற்றாக இருந்தாலும், திரும்பும்போது களைத்த பிள்ளையைக் காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

சிறுபோகத் தண்ணீர் இப்போது வாய்க்கால் நிறைய ஓடுகிறது. பெரியவர் தண்ணீர்ப் பக்கமும் பிள்ளை வயல் பக்கமுமாகத்தான் ஓடவேண்டும். திரும்பும்போது பக்கம் மாறும், தயவுசெய்து மறக்கவேண்டாம். கரையை விட்டுப் பற்றைக்குள் எந்தப் பிள்ளையும் இறங்கக்கூடாது. தெரியாத இரும்புத்துண்டு எதையும் தொடக்கூடாது. போர் நடந்த எங்கள் மண்ணில் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

புதிதாகப் பழகும் பிள்ளைக்குச் சீற்றை இறக்கிவிடுங்கள், இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பதியவேண்டும். முடிந்தால் பெடல்களையும் கழற்றிவிடுங்கள். காலால் உந்தி உந்திப் போய்ச் சமநிலை பிடிபட்ட பிறகு பூட்டலாம். சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் அப்படிச் செய்தால் பிள்ளை உங்கள் கையில் சாய்ந்தே பழகிவிடும். கிரவலில் முன்பிறேக்கை மட்டும் இறுக்கினால் சில்லு வழுக்கும், இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். ரயருக்குக் கல்லுமாதிரிக் காற்றடிக்கவும் வேண்டாம்.

மருதடியில் கொஞ்ச நேரம் இருப்போம். கனகராயன் ஆற்றுத் தண்ணீர் இரணைமடுவில் தங்கி எங்கள் வயலுக்கு வருவதை அங்கே வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தக் குளத்து வேலை தொடங்கியது 1902இல். காடு வெட்டிக் குடியேறிய கதை உங்கள் வீடுகளிலேயே இருக்கும்.

எரிபொருள் வராத காலத்தில் விறகையும் நெல்மூட்டையையும் நோயாளியையும் சைக்கிளில்தான் ஏற்றினோம். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவை இயக்கிச் செய்தி கேட்டோம். இடம்பெயர்ந்தபோது வீட்டில் மிஞ்சியதையும் அதில்தான் கட்டினோம். சந்தோசத்துக்காக ஓடியவர்கள் எங்களில் குறைவு. பிள்ளைகள் அப்படியும் ஓடவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஓடத் தெரியாத அம்மாமாரும் வாருங்கள், பிள்ளையோடு சேர்ந்து பழகலாம். சேலையும் நீளப் பாவாடையும் செயினில் சிக்கும், அதை மட்டும் கவனியுங்கள்.

குடிதண்ணீர் கொண்டுவாருங்கள். பம்பும் ஒட்டுப்போடும் சாமானும் வைத்திருப்பவர்கள் அவற்றையும் எடுத்துவாருங்கள். சைக்கிள் இல்லை என்று எந்தப் பிள்ளையையும் வீட்டில் நிறுத்தவேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள், இருப்பதை வைத்து மாறி மாறி ஓடுவோம்.

அன்புடன்,
அதிபர்