அதிமதுரம் யாருக்கு ஆகாதுன்னும் போடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வலி மாத்திரையால வர்ற வயித்துப்புண்ணுக்கு அதிமதுரம், வாழைக்காய், மணத்தக்காளின்னு கைவைத்தியம் போட்டிருந்தீங்க, படிச்சதும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு.

எங்கம்மாவுக்கு 68 வயசு, மூட்டு வலி, பிரஷர் வேற. டாக்டர் சீட்டு இல்லாமலே மெடிக்கல்ல டைக்ளோஃபினாக்ங்கிற வலி மாத்திரைய வாங்கி மாசக்கணக்கா போட்டிருக்காங்க, எங்களுக்கே தெரியாது. வயிறு எரியுதுன்னதும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கன்னு அதிமதுரப் பொடிய தேன்ல குழைச்சு ரெண்டு வேளை, எரிச்சல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கவும் மாத்திரைய இன்னும் தைரியமா போட ஆரம்பிச்சுட்டாங்க. கால் வீங்குச்சு, பிரஷர் கட்டுக்குள்ள வரல. அப்புறம் ஒரு நாள் வெளிக்கு தார் மாதிரி கறுப்பா போயி, பாத்ரூம்லயே தலை சுத்தி விழுந்துட்டாங்க. எண்டோஸ்கோபி பண்ணா இரைப்பையில புண்ணு, அதுலருந்து ரத்தக்கசிவு. பொட்டாசியமும் குறைஞ்சிருந்துச்சு, அதுக்கும் வீக்கத்துக்கும் அதிமதுரம் காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொன்னார். அதுல இருக்குற கிளைசிரைசின் உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி பிரஷர ஏத்தும், பொட்டாசியத்த வெளியேத்தும். அந்த கிளைசிரைசின நீக்கிட்டு தயாரிச்ச அதிமதுரமும் இருக்காம், ஆனா நம்ம நாட்டு மருந்து கடையில கிடைக்குறது முழு வேருதானே.

"சாப்பிட்டுட்டு தானே போட்டேன்"னு அம்மா இன்னிக்கும் கேக்குறாங்க. அந்த மாத்திரை வயித்துல பட்டு மட்டும் புண்ணாக்கல சார், ரத்தத்துல கலந்த பிறகு இரைப்பைக்கு சளிப்படலம் சுரக்க வைக்குற புரோஸ்டாகிளாண்டினையே நிறுத்திடுது, அதனால ஊசியா போட்டாலும் இதே கதைதான். 1971லயே ஜான் வேன்ங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி இதை கண்டுபிடிச்சு, 1982ல நோபல் பரிசும் வாங்கிட்டார்.

மூலிகை எல்லாம் சும்மான்னு நான் சொல்ல வரல. அதிமதுரத்துலருந்து எடுத்த கார்பெனாக்சலோன இங்கிலாந்துல அல்சருக்கு மருந்தாவே கொடுத்தாங்க, அதுலயும் இதே வீக்கமும் பிரஷரும்தான் தொல்லை. சிங்கப்பூர்ல 18 பேருக்கு 20 கிராம் மிளகாத்தூள தண்ணியில குடிக்க வச்சு அப்புறம் இதே வகை மாத்திரையான ஆஸ்பிரின் கொடுத்து பாத்தாங்க, வயித்துல காயம் குறைவா இருந்துச்சுன்னு 1995ல வந்துச்சு. கேக்க ஆச்சரியமா இருக்குல்ல, அதுக்காக யாரும் மிளகாத்தூள கரைச்சு குடிச்சுடாதீங்க, அவங்க நல்ல ஆரோக்கியமான ஆளுங்க. வாழைக்காய்ப் பொடி ஆராய்ச்சியும் பெரும்பாலும் எலியிலதான் பாத்தது, அதையும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

அதனால இனிமே இந்த மாதிரி குறிப்பு வந்தா யாருக்கு ஆகாது, எவ்ளோ நாள், எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு கூடவே போடுங்க. ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் சாப்பிடுறவங்க தானா நிறுத்திடக்கூடாதுன்னும் போடுங்க.

அம்மா இப்ப வலி மாத்திரைய தொடுறதில்ல, காலுக்கு பயிற்சி பண்றாங்க. வாரத்துல ரெண்டு நாள் மணத்தக்காளிக் கீரை கூட்டு மட்டும் உண்டு, அதை டாக்டரும் வேணாம்னு சொல்லல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்