1979 சீன–வியட்நாம் போரை மதிப்பிடும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தேன். தரவு சேர்த்திருக்கும் உழைப்பு நன்றாகத் தெரிகிறது. ஆனால் "போரில் ஜெயித்தது யார், உளவு நிறுவனங்கள் அதைச் சரியாகக் கணித்தனவா" என்ற கேள்வியோடு தொடங்கியிருக்கிறாய். அதனால்தான் இத்தனை தகவல் இருந்தும் வாதம் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது. சீனா வியட்நாமைத் தாக்கிய 1979 பிப்ரவரியில் வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் ஹனோயிலும் உட்கார்ந்திருந்த மதிப்பீட்டாளர்களுக்கு முன்னால் இருந்தவை வேறு கேள்விகள். சீனா அடிக்குமா? அடித்தால் எவ்வளவு தூரம் உள்ளே வரும்? எப்போது நிறுத்தும்? முதல் கேள்விக்கான சாட்சியத்தை எண்ணிவிடலாம். மற்ற இரண்டுக்கும் எண்ணிக்கை உதவாது. சாலை, ரயில், வானிலை, எதிராளியின் மனக்கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட வேண்டும். அத்தியாயத்தை இந்த மூன்று கேள்விகளாகப் பிரித்து மறுபடி எழுது.

எழுதத் தொடங்குமுன் ஒரு வேலை செய். ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு தேதி போடு: அது நடந்த தேதி, அது மதிப்பீட்டாளருக்குத் தெரியவந்த காலம். சீனாவின் மத்திய ராணுவ ஆணையம் 1978 டிசம்பர் 7 அன்று கூடியது. மறுநாளே குவாங்சோ, குன்மிங் ராணுவ மண்டலங்களுக்கு உத்தரவு போனது: ஜனவரி 10-க்குள் படைகள் இடத்தில் இருக்க வேண்டும். நீ இதைக் காட்டி, அமெரிக்கர்கள் டிசம்பரிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறாய். இந்தத் தேதிகள் நமக்குத் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்து, சீனத் தரப்பு எழுத்துகளிலிருந்து. அன்றைய ஆளை இன்றைய ஆவணத்தால் அடிப்பது நியாயம் இல்லை.

அதே தேதி உனக்கு வேறொரு வகையில் பயன்படும். வியட்நாம் கம்போடியாவுக்குள் பெரும்படையோடு நுழைந்தது டிசம்பர் 25; புனோம் பென் விழுந்தது 1979 ஜனவரி 7. படை நகர்த்தும் உத்தரவு அதற்கு முன்பே போய்விட்டது. ஆகவே "கம்போடியாவுக்குப் பதிலடி" என்ற ஒற்றைக் காரணம் போதாது. 1978 ஜூனில் வியட்நாம் சோவியத் தலைமையிலான காமெகான் பொருளாதார அமைப்பில் சேர்ந்தது. ஜூலையில் சீனா வியட்நாமுக்கான உதவியை நிறுத்தியது. அந்த ஆண்டு முழுக்க வியட்நாமிலிருந்து சீன வம்சாவளி மக்கள் எல்லை தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். நவம்பர் 3 அன்று மாஸ்கோவில் சோவியத்–வியட்நாம் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. எனக்குத் தோன்றுவது, நவம்பர் ஒப்பந்தம்தான் முடிவை நெருக்கிய காரணம். கம்போடியா அதற்கு நாள் குறித்துக் கொடுத்தது.

இனி முதல் கேள்வி, சீனா அடிக்குமா என்பது. படைக் குவிப்பை எப்படி எண்ணினார்கள் என்பதை நீ ஒரே வரியில் "செயற்கைக்கோள் படங்கள்" என்று முடித்துவிட்டாய். வடக்கு வியட்நாமிலும் அதை ஒட்டிய சீனாவின் குவாங்சியிலும் பிப்ரவரி மாதம் மூடுபனியும் தூறலுமாக இருக்கும். அமெரிக்காவின் கேஎச்-11 செயற்கைக்கோள் 1976 டிசம்பரில் ஏவப்பட்டது. படத்தை உடனுக்குடன் அனுப்பக்கூடியதுதான், ஆனால் மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மேகத்தை ஊடுருவும் ரேடார் பட உளவுச் செயற்கைக்கோள், சோதனை முயற்சிகளைத் தாண்டி முறையான பணிக்கு வந்தது 1988-ல்தான். இப்படிப்பட்ட இடத்தில் ரேடியோ ஒட்டுக்கேட்பின் மதிப்பு தானாகக் கூடுகிறது. சங்கேதத்தை உடைக்க முடியாவிட்டாலும், எந்த நிலையம் எதனோடு பேசுகிறது, எந்தத் திசையிலிருந்து பேசுகிறது, திடீரென்று எது பேச்சை நிறுத்தியது என்பதைக் கவனிக்கலாம். செங்டு மண்டலத்தில் வழக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு டிவிஷனின் (பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவின்) குரல் அடங்கினால், அது கிளம்பிவிட்டதா, தரைவழித் தொலைபேசிக்கு மாறிவிட்டதா என்ற சந்தேகம் எழும். அந்தச் சந்தேகத்தை ரயில் நிலையச் சரக்கு நெரிசல், பயணிகள் சொல்லும் தகவல், வானம் தெளியும் ஒரு நாளில் கிடைக்கும் படம் இவற்றால் தீர்க்க வேண்டும். இந்த வேலை முறையை விளக்கினால்தான் உன் வாசகனுக்கு மதிப்பீட்டின் பலமும் பலவீனமும் புரியும்.

எண்ணிக்கையில் எங்கே சறுக்கல் வரும் என்பதையும் எழுது. சீனா இந்தப் போருக்குக் கொண்டுவந்தது கோர் அளவிலான, அதாவது பல டிவிஷன்கள் சேர்ந்த, 9 படைத்தொகுதிகள். குவாங்சி முனையில் 41, 42, 43, 50, 54, 55 என்ற எண்ணுள்ளவை. அதற்கு மேற்கே யுன்னான் மாகாண முனையில் 11, 13, 14. முழு ஆள்பலத்தில் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 43,000 பேர். பெருக்கினால் சுமார் 3.9 லட்சம். உன் அட்டவணையில் அப்படித்தான் பெருக்கி வைத்திருக்கிறாய். பல டிவிஷன்கள் அமைதிக்காலத்தில் பாதி ஆளோடு இருந்தவை. 1978 கடைசியிலும் 79 ஜனவரியிலும் புது ஆட்களைப் போட்டு அவசரமாக நிரப்பினார்கள். அந்தப் புது ஆள் துப்பாக்கி சுடப் பழகியதே சில வாரங்கள்தான். ஆகவே தொகுதிகளின் கொடியை மட்டும் எண்ணினால் பலம் அதிகமாகத் தெரியும், திறமை தெரியவே தெரியாது. எல்லை தாண்டியவர்கள் எத்தனை பேர் என்பதில் 2 லட்சம் முதல் 3 லட்சத்துக்கு மேல் வரை கணக்குகள் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒற்றை எண்ணை எழுதாதே, வீச்சாக எழுது.

எண்ணிக்கையைவிட நல்ல அறிகுறிகள் இருந்தன. உள்ளூர்ப் படைகள் மட்டும் உஷாரானால் அது மிரட்டலாக இருக்கலாம். 13-வது, 50-வது தொகுதிகள் செங்டு மண்டலத்திலிருந்தும், 54-வது வூஹான் மண்டலத்திலிருந்தும் தெற்கே வந்தன. மிரட்டுவதற்கு இத்தனை ரயில் பெட்டிகளை யாரும் செலவழிப்பதில்லை. ஜனவரியில் வூஹானிலிருந்து யாங் தெசியைக் குன்மிங்குக்குத் தளபதியாக மாற்றினார்கள். கொரியப் போரில் களம் கண்ட ஒருவரை யுன்னான் முனைக்கு அனுப்புவது சாதாரண இடமாற்றம் இல்லை. சோவியத்தை ஒட்டிய சிஞ்சியாங் எல்லையிலிருந்து மக்களை அப்புறப்படுத்தியதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. தெற்கே அடிக்கப் போகிறவன் வடக்கே முதுகைக் காக்கிறான்.

இதோடு சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கின் வாயிலிருந்தே வந்த சாட்சியம் உண்டு. ஜனவரி கடைசியில் வாஷிங்டனில் அதிபர் கார்ட்டரிடம் வியட்நாமைத் தண்டிக்கப் போவதாக நேரடியாகச் சொன்னார். பொதுவெளியிலும் மறைக்கவில்லை. வெளிப்படையாகச் சொன்னதை "பேச்சுக்குச் சொல்கிறார்" என்று தள்ளிவிடுவது உளவு மதிப்பீட்டில் அடிக்கடி நடக்கும் பிழை. ரகசியமாகத் திருடிய தாளுக்குக் கிடைக்கும் மரியாதை, மேடையில் சொன்ன சொல்லுக்குக் கிடைப்பதில்லை.

மறுபக்கம், தவறான அறிகுறிக்கும் உதாரணம் உண்டு. இந்தியாவின் வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் அப்போது சீனாவில் விருந்தாளியாக இருந்தார். விருந்தாளி வீட்டில் இருக்கும்போது சண்டை தொடங்காது என்று நினைத்தவர்களை பிப்ரவரி 17 விடியற்காலை திருத்தியது. அவர் பயணத்தைப் பாதியில் முடித்துத் திரும்பினார். அதே நாளில் வியட்நாம் பிரதமர் பாம் வான் டோங்கும் மூத்த ராணுவத் தளபதி வான் தியன் டுங்கும் ஒப்பந்தம் கையெழுத்திடப் புனோம் பென்னில் இருந்தார்கள். எல்லையில் பதுங்குகுழியும் கண்ணிவெடியும் மாதக்கணக்கில் தயாராக இருந்தன. நாள் குறிப்பதில்தான் ஹனோய் ஏமாந்தது. தயார்நிலை, நாள் கணிப்பு இரண்டையும் நீ ஒன்றாகக் குழப்பி "வியட்நாம் அசந்துபோனது" என்று எழுதியிருக்கிறாய். பிரித்து எழுது.

"கம்யூனிஸ்டு நாடுகள் தங்களுக்குள் போரிடாது என்ற நம்பிக்கையே கண்ணை மறைத்தது" என்ற உன் பத்தியை எடுத்துவிடு. 1969 மார்ச்சில் சீன–சோவியத் எல்லையான உசூரி ஆற்றின் சென்பாவ் தீவில் சீனரும் சோவியத் படையினரும் ஒருவரையொருவர் கொன்ற பிறகு, அந்த நம்பிக்கையோடு பொறுப்பான எந்த மேசையிலும் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது.

அடுத்து, எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்ற கேள்வி. இங்கேதான் உன் அத்தியாயம் செழிக்க வேண்டும். யுன்னான் முனையை எடுத்துக்கொள். குன்மிங் வரை அகல ரயில்பாதை, 1,435 மில்லிமீட்டர். அங்கிருந்து எல்லையிலுள்ள ஹெகோவுக்குப் போவது பிரெஞ்சுக்காரர் போட்டு 1910-ல் திறந்த மீட்டர் பாதை. ஒவ்வொரு குண்டையும் ஒவ்வொரு அரிசி மூட்டையையும் குன்மிங்கில் பெட்டி மாற்றி ஏற்ற வேண்டும். குவாங்சி முனையில் அகலப்பாதை பிங்சியாங் வரை வருகிறது. அதற்கப்பால் லாரி, கோவேறு கழுதை, சுமை தூக்கும் மக்கள் படையினர். இந்த வசதியோடு ஹனோய்க்குப் போவதாக இருந்தால் எல்லையோரக் கிடங்குகள் பல மடங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

வியட்நாமின் எல்லையோர நகரான லாங் சோனுக்கான போரை வரைபடத்தில் வைத்து அளந்து பார். எல்லைக் கணவாயிலிருந்து டோங் டாங் சுமார் 4 கிலோமீட்டர். அங்கிருந்து லாங் சோன் சுமார் 14. பிப்ரவரி 17-ல் கிளம்பியவர்கள் கி குங் ஆற்றைத் தாண்டி நகரின் தென்பகுதியைப் பிடிக்க மார்ச் 4 ஆனது. 18 கிலோமீட்டருக்கு 16 நாள். இதை அப்படியே வியட்நாமின் எதிர்ப்புக் கணக்கில் எழுதிவிடாதே. இடையில் சீனர்கள் நின்று படையைச் சீர்செய்தார்கள். லாங் சோன் மீதான தாக்குதல் தொடங்கியதே பிப்ரவரி 27. ஆனால் ஏன் நிற்க வேண்டியிருந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஒற்றைச் சாலை. 21 டன் எடையுள்ள 62 ரக இலகு டாங்கியின் மெல்லிய கவசத்தைத் தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி ராக்கெட் குண்டு எளிதில் துளைத்தது. டாங்கியும் காலாட்படையும் சேர்ந்து பயிற்சி செய்திருக்கவில்லை, இருவருக்கும் இடையே ரேடியோ தொடர்பும் சரியில்லை. 1965-ல் பதவிச் சின்னங்களை ஒழித்துவிட்டதால், பிரிவுகள் கலந்துபோன இடத்தில் யார் உத்தரவு போடுவது என்பதே குழப்பம். முன்னால் இருந்த குகைகளிலிருந்து வியட்நாமியர் மறுபடி மறுபடி சுட்டார்கள். எதிரே நின்றவர்களில் பெரும்பகுதி மாகாணப் படையும் ஊர்க்காவல் படையும். வியட்நாமின் முதல்தரப் படைகள் கம்போடியாவிலும் ஹனோயைச் சுற்றியும் இருந்தன.

விமானப் படையைப் பற்றி உன் அத்தியாயத்தில் ஒரு சொல் இல்லை. இரு தரப்பும் போர்க்களத்தின் மேல் விமானத்தைப் பயன்படுத்தவில்லை. சீனா போர் விமானங்களைத் தெற்கே கொண்டுவந்து வைத்தது, எல்லைக்கு உள்ளேயே பறக்கவிட்டது. கையில் இருந்தும் பயன்படுத்தாத ஆயுதம், போரை எங்கே நிறுத்த நினைக்கிறார்கள் என்பதற்கு அன்று கிடைத்த தெளிவான சாட்சி.

எப்போது நிறுத்தும் என்ற கேள்விக்கு ஏப்ரல் மழையும் சோவியத்தும் பதில். சோவியத்–வியட்நாம் ஒப்பந்தத்தின் 6-வது பிரிவு, தாக்கப்பட்டால் உடனே கலந்தாலோசிக்கும்படி சொல்கிறது. படை அனுப்பியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. சீன எல்லையில் 40-க்கும் மேற்பட்ட டிவிஷன்களை வைத்திருந்தும் மாஸ்கோ செய்தது, வியட்நாமியப் படையைக் கம்போடியாவிலிருந்து வடக்கே ஏற்றி வர விமானம் கொடுத்தது, போர்க்கப்பல்களை அனுப்பியது, ஆலோசகர்களை அனுப்பியது. டெங் இதைச் சரியாகக் கணித்தார். மார்ச் 5 அன்று சீனா பின்வாங்கலை அறிவித்தது, அதே நாளில் வியட்நாம் பொது அணிதிரட்டலை அறிவித்தது. மார்ச் 16-ல் பின்வாங்கல் முடிந்ததாகச் சீனா சொன்னது. போகிற வழியில் பாலங்களையும் கட்டடங்களையும் தகர்த்துவிட்டுப் போனார்கள்.

உயிரிழப்புக் கணக்கைக் கவனமாகக் கையாள். வியட்நாம் 62,500 சீனர்களை வீழ்த்தியதாக அறிவித்தது. சீனா 57,000 வியட்நாமிய வீரர்களைக் கொன்றதாகச் சொன்னது. சீன உள்வட்டக் கணக்குகளில் தங்கள் தரப்பில் இறந்தவர்கள் ஏறத்தாழ 7,000, காயம்பட்டவர்கள் சுமார் 15,000. ஒவ்வொரு எண்ணும் இறந்தவர்களை மட்டும் குறிக்கிறதா, காயம்பட்டவர்களையும் சேர்த்ததா என்று முதலில் பார். உன் அட்டவணையில் இரண்டும் ஒரே பத்தியில் இருக்கின்றன. கல்லறைகளை எண்ணிச் சரிபார்க்கப் போனால், யுன்னானின் மாலிபோ கல்லறையில் 1984 முதல் அதே எல்லையில் நடந்த லாவோஷான் மலைச் சண்டையில் இறந்தவர்களும் இருக்கிறார்கள். தேதி பார்க்காமல் கூட்டாதே.

எந்தப் படை மதிப்பீட்டு அட்டவணையிலும் இடம் பெறாதவர்களும் உண்டு. காவ் பாங் மாகாணத்தின் தொங் சுப் என்ற இடத்தில், பின்வாங்கும் படையினர் மார்ச் 9 அன்று பெண்களும் குழந்தைகளுமாக 43 பேரைக் கொன்றதாக வியட்நாமியப் பதிவு சொல்கிறது. உன் அத்தியாயத்தில் அவர்களுக்கு ஒரு வரி கொடு, அடிக்குறிப்பில் தள்ளாதே.

கடைசியாக, அத்தியாயத்தை மார்ச் 16-ல் முடிக்காதே. சீனாவின் நோக்கங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டு போடு. கம்போடியாவிலிருந்து வியட்நாமை வெளியேற்றுவது: 1989 செப்டம்பர் வரை நடக்கவில்லை. சோவியத் துணைக்கு வராது என்று காட்டுவது: 1979-லேயே நடந்தது. சோவியத்தை வியட்நாம் கடற்பகுதியிலிருந்து தள்ளி வைப்பது: நேர்மாறாக, அதே ஆண்டு வியட்நாமின் காம் ரான் விரிகுடா சோவியத் கடற்படைக்குத் திறந்தது. வடக்கு எல்லையில் வியட்நாமியப் படையைக் கட்டிப்போடுவது: 1991-ல் உறவு சீராகும் வரை நீடித்தது. இந்த நான்கு வரி அட்டவணையையும், இரட்டைத் தேதி போட்ட தகவல் பட்டியலையும் முதலில் அனுப்பு. அவற்றைப் பார்த்துவிட்டு லாங் சோன் பகுதியை எவ்வளவு நீளமாக வைப்பது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்