ஃப்ளோரிடாவின் டாலஹாசி ஊர்ச் சொந்தங்களுக்கும், அந்தக் கருஞ்சிவப்புத் தொப்பிப் பெரியவருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். தம்பி நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். நடந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குக் கை ஓடவில்லை.

முறைவைத்து இட்லியும் ரசமும் கொண்டுவந்த வீடுகள், அம்மாவின் விசாவுக்காக அலைந்தவர்கள், ஜாக்சன்வில் வரை நடுராத்திரியில் கார் ஓட்டிப் போய் அம்மாவை அழைத்துவந்தவர், என் மகளையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்குக் கிளப்பிவிட்ட பக்கத்து வீட்டு அக்கா... பெயர் போட ஆரம்பித்தால் யாராவது ஒருவர் விட்டுப்போவார், அப்புறம் மனவருத்தம். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. ஐசியு வாசலில் இரண்டாவது ராத்திரி, செல்போனுக்கு சார்ஜ் இல்லாமல் நான் சுவர் சுவராகத் தடவிக்கொண்டிருந்தபோது, பிளக் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். தலையில் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துத் தொப்பி. உள்ளே அவருடைய மனைவி. நான் உட்கார்ந்ததும் ஒன்றும் கேட்காமல் தன் இயர்போனில் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். பேஸ்பால் கமென்ட்ரி! எனக்கு கிரிக்கெட்டே அரைகுறை. இருந்தாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "எல்லாம் சரியாகிடும்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் பத்தாவது தடவை கேட்கும்போது எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவர் ஒருநாளும் அதைச் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும், ஃப்ளோரிடா ஸ்டேட் பேஸ்பால் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த மைக் மார்ட்டினின் கதையைச் சொல்வார், அவ்வளவுதான்.

இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானமான டிக் ஹவுசரைத் தாண்டிப் போயிருக்கிறேனே தவிர, உள்ளே இருக்கும் ஆடுகளத்துக்கு இந்த மார்ட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று நான் கவனித்ததே இல்லை. மார்ட்டின் 1944இல் வட கரோலினாவின் காஸ்டோனியாவில் பிறந்தவர். நூற்பாலை ஊராம், எங்கள் ராஜபாளையம் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். இதே பல்கலைக்கழகத்துக்கு ஆடி, பெரிய லீக் வரை போக முடியாமல் திரும்பி, இங்கே ஒரு சின்னக் கல்லூரியில் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து, 1975இல் துணைப் பயிற்சியாளராக வந்து, 1980இல் தலைமைப் பொறுப்பு எடுத்து, 2019 வரை நாற்பது சீசன். சட்டை எண்ணை வைத்து 'லெவன்' என்றுதான் கூப்பிடுவார்களாம். 2,029 வெற்றி, ஒவ்வொரு வருஷமும் குறைந்தது 40. பின்னாளில் பெரிய லீக்கில் பேர் வாங்கிய பஸ்டர் போசி இவரிடம் மாணவராக ஆடியபோது, 2008இல், ஒரே ஆட்டத்தில் களத்தின் ஒன்பது இடத்திலும் அவரை நிறுத்தி ஆடவைத்திருக்கிறார். பெரியவர் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ஒன்பது விரலை விரித்துக் காட்டுவார்.

கல்லூரி பேஸ்பாலில் ஜூன் மாதம் எட்டு அணிகள் ஒமாஹாவுக்குப் போகும். அங்கே ஜெயித்தால்தான் சாம்பியன். மார்ட்டின் பதினேழு தடவை அணியைக் கூட்டிக்கொண்டு போனார், ஒரு தடவை கூடக் கோப்பை இல்லை. 1986இல் இறுதி ஆட்டம் வரை போய்த் தோல்வி. 1999இல் மறுபடி இறுதி ஆட்டம், மயாமியிடம் 6-5, ஒரே ஒரு ரன். அடுத்த பிப்ரவரியில் மறுபடி மைதானத்தில் நிற்பார். 2019, கடைசி வருஷம், வயது 75, அணி போட்டிக்குத் தகுதி பெறுமா என்பதே சந்தேகமாக இருந்தது. எப்படியோ உள்ளே வந்து, ஜார்ஜியாவில் அவர்கள் மண்ணிலேயே ஜெயித்து, எல்எஸ்யூ என்கிற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை அவர்கள் மைதானத்திலேயே ஜெயித்து, பதினேழாவது தடவையாக ஒமாஹா. முதல் ஆட்டம் ஆர்கன்சாவிடம் 1-0 வெற்றி. அடுத்த இரண்டிலும் தோல்வி. 2024 பிப்ரவரியில் அவர் போய்ச் சேர்ந்தார்.

கடைசியில் ஜெயித்தார் என்று முடியாத கதையை ஐசியு வாசலில் உட்கார்ந்து சொல்ல ஒரு தைரியம் வேண்டும். டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டிவிட்டுப் போன ராத்திரி, எனக்கு 1999தான் ஞாபகம் வந்தது, சிரிப்பாக இருக்கிறது இப்போது. அடுத்த நாள் காலையில் முகம் கழுவிக்கொண்டு அதே நாற்காலிக்குப் போனேன்.

ஒரு நாள் அவர் நாற்காலி காலி. மனைவியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாக நர்ஸ் சொன்னார், அதற்கு மேல் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. இந்த ஊரில் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், பையன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்காக நான் தினமும் விளக்கேற்றுகிறேன், அதையும்.

அடுத்த சீசனில் தம்பியைக் கூட்டிக்கொண்டு டிக் ஹவுசர் போகிறேன், இது சத்தியம். 'பி' பகுதியில் ஐந்தாவது இன்னிங்ஸில் எல்லோரும் எழுந்து கனடா நாட்டுப் பாட்டைப் பாடுவார்களாம். ஏன் என்று பெரியவரைக் கேட்டேன், சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி கஞ்சி ஊட்டிக்கொண்டே தம்பிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "பதினேழு தடவையுமா தோத்தாரு?" என்றான். குரல் இன்னும் சரியாக வரவில்லை. ஆமாம்டா என்றேன். கொஞ்ச நேரம் மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கஞ்சி வைக்கா" என்றான்.