வளைவுல நூல் கட்டி நேராக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயற்கைக்கோள வச்சு நெலம் அளக்கற டிஜிபிஎஸ் கருவி வந்துட்டதால இனிமே அளவுல பிரச்சினையே வராதுங்கற மாதிரி உங்க பேப்பர்ல ஒரு செய்தி படிச்சேன். நான் மதுரை மாவட்டத்துல தனியார் சர்வேயர், அந்தக் கருவியத்தான் தினமும் தூக்கிட்டு அலையறேன், அதனால இத எழுதாம இருக்க முடியல. சிக்னல் சரியாப் பிடிச்சு ஃபிக்ஸ் கிடைச்சா ரோவர், அதாவது நாங்க கையில தூக்கிட்டு நடக்கற கருவி, ஒரு புள்ளிய ரெண்டு மூணு சென்டிமீட்டருக்குள்ள காட்டிரும், சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டு புள்ளிக்கு நடுவுல கோடு எப்படிப் போகுதுன்னு முடிவு பண்றது களத்துல நிக்கிற ஆளுதான், கோளாறு அங்கதான் நடக்குது.

எங்க பக்கத்துல ஒரு கிராமத்து ரோட்டுல நடந்தத சொல்றேன். வளைவுக்கு 60 மீட்டர் ரேடியஸ், சமவெளியில கிராமச் சாலைக்கு இந்தியச் சாலை காங்கிரசோட (ஐஆர்சி) விதிப்படி அதுதான் கடைசி எல்லை, அதுக்குக் கீழ போகக்கூடாது. டிசைன் ஆபீஸ்ல இருந்து 20 மீட்டருக்கு ஒரு புள்ளின்னு வெறும் புள்ளிப் பட்டியலா ஒரு சிஎஸ்வி ஃபைல் மட்டும் வந்துச்சு, சைட்டுல இருந்த பையன் பாயிண்ட் ஸ்டேக்கவுட் (புள்ளி புள்ளியா இடம் காட்டற வசதி) போட்டு ஒவ்வொரு புள்ளியிலயும் முளை அடிச்சான், முளை எல்லாம் கரெக்ட்டாத்தான் இருந்துச்சு. அப்புறம் முளைக்கு முளை நூல் கட்டி சுண்ணாம்பு போட்டாங்க, ஜேசிபி அந்தக் கோட்டப் பிடிச்சுகிட்டு போயிருச்சு. வளைவு நேர்க்கோடுகளா மாறிப்போச்சு.

கணக்கு ரொம்ப சிம்பிள். நாண் நீளத்த, அதாவது முளைக்கு முளை நேர்த்தூரத்த, வர்க்கப்படுத்தி ரேடியஸோட எட்டு மடங்கால வகுத்தா நாணுக்கும் வில்லுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு வந்துரும், இங்க 400-ஐ 480-ஆல வகுக்கணும், 83 சென்டிமீட்டர். நாண் எப்பவும் வளைவோட உள்பக்கம்தான் விழும், அதனால உள்பக்கம் நிலம் வச்சிருந்த அம்மாவோட வரப்பு போச்சு, வேலியோரம் நின்ன தென்னையும் போச்சு. 60 மீட்டர் ரேடியஸ்ல ஒத்தைவழி ரோட்டுக்கு வளைவுல கூடுதலா விடச் சொல்ற அகலமே 60 சென்டிமீட்டர்தான், இங்க பிசகு அதையும் தாண்டிருச்சு. அதே வளைவுல 10 மீட்டருக்கு ஒரு முளை அடிச்சிருந்தா 21 சென்டிமீட்டர்தான் வந்திருக்கும், 5 மீட்டருக்கு அடிச்சிருந்தா வெறும் 5.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா அந்தப் பையன் கையில இருந்த கண்ட்ரோலர்லயே (கருவிய இயக்கற கைத்திரை) இதுக்கு வழி இருக்கு. ட்ரிம்பிள் ஆக்சஸ், லைக்கா கேப்டிவேட், கார்ல்சன்னு எந்த சாஃப்ட்வேர எடுத்தாலும் பாயிண்ட் ஸ்டேக்கவுட்டுக்குப் பக்கத்துலயே லைன் (கோடு), ஆர்க் (வில்), அலைன்மென்ட் (ரோட்டோட முழுப் பாதை)னு தனித்தனியா இருக்கு. ஆரம்பப் புள்ளி, திசை, நேர்க்கோடு இவ்வளவு நீளம், அப்புறம் இந்த ரேடியஸ்ல இடதுபக்கமா வலதுபக்கமான்னு ஒருதடவ குடுத்துட்டா போதும், அப்புறம் வளைவுல நீங்க எங்க நின்னாலும் செயினேஜ் (ஆரம்பத்துலயிருந்து கோட்டு வழியா வந்த தூரம்) 150, இடது 0.83ன்னு திரையிலயே காட்டும். அந்த இடது தூரத்த ஜீரோ ஆக்குற வரைக்கும் நகர்ந்து முளை அடிக்க வேண்டியதுதான், எத்தன மீட்டருக்கு ஒண்ணுங்கறத அந்த எடத்துலயே தீர்மானிச்சுக்கலாம். வண்டி ஏறி முளை பிடுங்கிக்கும்னு தோணுனா 2 மீட்டர் ஆஃப்செட் (பக்கவாட்டுத் தூரம்) குடுத்து ஓரத்துல அடிச்சுக்கலாம். நேர்க்கோட்டுலயிருந்து வளைவுக்குப் போற எடத்துல வர்ற ட்ரான்சிஷன் கர்வையும் அதே மாதிரி நடலாம், சிஎஸ்வி புள்ளிய மட்டும் வச்சுகிட்டு அது எங்க ஆரம்பிக்குதுன்னுகூட களத்துல இருக்கறவனுக்குத் தெரியாது. இடது வலது மாத்திப் போட்டா வளைவே கண்ணாடியில பார்க்கற மாதிரி திரும்பி விழும், அத மட்டும் முதல் முளையிலயே ட்ராயிங்கோட சரிபார்க்கணும்.

பட்டா நெலத்துக்கும் இதையேதான் சொல்வேன். நம்ம எஃப்எம்பிய (சர்வே துறையோட புல வரைபடம்) எடுத்துப் பாருங்க, ஜி-லைன்ங்கற அடிக்கோட்டு மேல இவ்வளவு தூரம் போயி அங்கருந்து வலதுல இவ்வளவு, இடதுல இவ்வளவுன்னுதான் ஒவ்வொரு வளைசலும் எழுதியிருக்கும். லைன் ஸ்டேக்கவுட் கேக்கறதும் அதே ரெண்டு நம்பர்தான், செயினேஜும் ஆஃப்செட்டும். ரெண்டு முனையிலயும் பழைய கல்லக் கண்டுபிடிச்சு எடுத்துட்டா, நடுவுல வீடு இருந்தாலும் கருவேலம் புதரா இருந்தாலும் கோட்ட மறைக்குதேன்னு கவலையில்ல, ரெண்டு பக்கமும் தனித்தனியா நட்டுக்கலாம். அப்படி இருக்கும்போது எஃப்எம்பி படத்த ஸ்கேன் பண்ணி, மேல புள்ளி வச்சு, அத கோஆர்டினேட்டா மாத்தி நடறாங்க, ஒவ்வொரு கட்டத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா பிசகு ஏறுது.

இன்னொரு விஷயம், இத எங்க தொழில்காரங்களே நிறைய பேர் கவனிக்கறதில்ல. எஃப்எம்பில இருக்கறது நெலத்துல செயின் போட்டு அளந்த தூரம், ரோவர் காட்டறது யூடிஎம் (உருண்டையான பூமிய மண்டலம் மண்டலமா தட்டையாக்கற வரைபட முறை) தூரம், ரெண்டும் ஒண்ணு கிடையாது. 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்ட ரெண்டு யூடிஎம் மண்டலமா பிரிக்குது, திண்டுக்கல் 43ல, மதுரை 44ல. மண்டலத்தோட ஓரத்துல இருக்கறதால மதுரைப் பக்கம் நெலத்துல ஒரு கிலோமீட்டர்னா யூடிஎம்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கூடிக் காட்டும், சென்னைப் பக்கம் 30 சென்டிமீட்டர் போல குறைச்சுக் காட்டும். 300 மீட்டர் வேலிக்கு மதுரையில 25 சென்டிமீட்டர் அங்கயே வித்தியாசம் வந்துருது, செங்கல் சுவர் அகலம் அது. சாஃப்ட்வேர்ல கிரவுண்ட் டிஸ்டன்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, அத ஆன் பண்ணாம எஃப்எம்பி தூரத்த போட்டு கல் நட்டா, பக்கத்து நெலத்துக்காரர் டேப் பிடிச்சு அளந்து பார்க்கற அன்னிக்கு சண்டை வரத்தான் செய்யும், அவரு பக்கம் நியாயமும் இருக்கும்.

அதனால ரோடு போடற துறைகளும் சர்வே துறையும் ரெண்டு காரியம் செய்யணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன். டெண்டரோட சிஎஸ்வி புள்ளிகள மட்டும் குடுக்காம ரேடியஸ், ட்ரான்சிஷன் நீளம், செயினேஜ் எல்லாம் இருக்கற அலைன்மென்ட் ஃபைலயே குடுங்க, சின்ன ரேடியஸ் வளைவுல 5 மீட்டருக்கு ஒரு முளைன்னு எழுத்துல போடுங்க. இன்னொண்ணு, முளை அடிச்சு முடிச்சதும் சாஃப்ட்வேரே ஒவ்வொரு முளைக்கும் டிசைன் எங்க, நட்டது எங்க, வித்தியாசம் எவ்வளவுன்னு ரிப்போர்ட் எடுத்துக் குடுக்கும், அதுல ஒரு காப்பிய ரெண்டு பக்கத்து நெலத்துக்காரங்களுக்கும் கையெழுத்து போட்டுக் குடுங்க. மேல சொன்ன அந்த அம்மா இன்னும் மனு எழுதிட்டுதான் இருக்காங்க, முளை கரெக்ட்டா இருக்குன்னே பதில் வருது. முளைக்கு நடுவுல அளந்து பார்க்க இன்னும் யாரும் வரல.

இப்படிக்கு,
தனியார் சர்வேயர் ஒருவர்,
மதுரை மாவட்டம்