கான்டெஸாவுக்கு ஆட்டோ கியர்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியாச்சு. இங்கே எல்லோரும் சுகம். தென்னையில் வெள்ளை ஈ இந்த வருசமும் விடவில்லை. அதைப் பேச ஆரம்பித்தால் கடிதம் முழுக்கப் புலம்பலாகிவிடும், விடு.

என் பழைய கான்டெஸா காருக்கு ஆட்டோ கியர் மாட்டுகிறேன் என்று எழுதியதற்கு, "ஆட்டோ கியர் ஓட்டுறவனெல்லாம் டிரைவரா?" என்று கேட்டிருக்கிறாய். சங்ககிரியில் பிறந்து லாரி ஓட்டினவன் வேறென்ன கேட்பாய்! என் இடது முழங்கால் பற்றி உனக்குத் தெரியும். மேம்பாலம் கட்டிய பிறகும் அவினாசி ரோட்டில் சாயங்காலம் கீழே மாட்டினால் கிளச்சை மிதித்து மிதித்து வீடு வந்து சேர்வதற்குள் கால் மரத்துவிடுகிறது. இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த ஆட்டோ கியர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஆசை. இது வெறும் ஆசைதான், ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று. நீ உன் பையனுடைய வண்டியை வைத்து ஆட்டோ கியரை எடைபோடுகிறாய். அது ஏ.எம்.டி. 2014-ல் மாருதி செலெரியோவில் வந்து பரவிய வகை. சாதாரண கியர் பெட்டி, சாதாரண கிளச், அதை உனக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் மேட்டில் தலையாட்டுகிறது. நான் மாட்டுவது டார்க் கன்வெர்ட்டர் வைத்த பெட்டி. நம்ம ஊர் மோனோபிளாக் பம்பை நினைத்துக்கொள். இன்ஜின் சுற்றுகிற பக்கம் ஒரு இம்பெல்லர், அதாவது இறக்கை வைத்த சக்கரம், அது தள்ளுகிற எண்ணெய் எதிரில் இருக்கிற டர்பைனைச் சுற்றுகிறது. நடுவில் ஸ்டேட்டர் என்று ஒன்று. திரும்பி வரும் எண்ணெயின் திசையை அது மாற்றிவிடுவதால், வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜின் தரும் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கியர்களுக்குப் போகும். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபிலில் வந்த முதல் ஆட்டோ பெட்டிகளில் இந்த ஸ்டேட்டர் கிடையாது, வெறும் திரவ இணைப்புதான். கோயம்புத்தூரில் பம்பு வார்த்த எவனுக்கும் இதைப் பத்து நிமிசத்தில் புரிய வைத்துவிடலாம்.

வண்டி அதே பழைய கான்டெஸாதான். அதில் இருந்த 1489 சி.சி. இன்ஜினுக்கு ஐம்பது குதிரைசக்திதான், அவ்வளவு பெரிய உடம்புக்கு அது எப்போதுமே போதாது. கம்பெனியே பின்னால் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினைப் போட்டு விற்றது ஞாபகம் இருக்கும். அப்படி வந்த ஒரு கான்டெஸா கிளாசிக்கிலிருந்து எடுத்த இன்ஜின்தான் இப்போது உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கியர் பெட்டி டொயோட்டா ஏ43டி, நாலு கியர், நாலாவது ஓவர்டிரைவ், அதாவது நேர் ரோட்டில் இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலே போதும் என்கிற கியர். சென்னை புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் கடையில் கிடைத்தது. கம்ப்யூட்டர் இல்லாத பெட்டி என்பதால்தான் இதைத் தேடிப் பிடித்தேன். எப்போது கியர் மாற வேண்டும் என்பதை எண்ணெய் அழுத்தமும் வால்வுகளும் தாங்களே முடிவுசெய்கின்றன. ஓவர்டிரைவுக்கு மட்டும் ஒரு ஒயர்.

இசுசு இன்ஜினும் டொயோட்டா பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்தாது. நடுவில் ஒரு அலுமினியத் தகடு வேண்டும். கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்காரர் செய்து கொடுத்தார். அவர் எனக்குச் சொன்ன பாடம் இதுதான்: போல்ட் இறுக்கிப் பிடிக்கத்தான், பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வது டவல் பின் என்கிற உருண்டை ஆணி. துளி ஆட்டத்தையும் முள்ளால் காட்டுகிற டயல் கேஜை இன்ஜினின் கிராங்க் தண்டில் கட்டி, பெட்டியின் வாயைச் சுற்றி முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பின்னுக்குத் துளை போட்டார். மையம் விலகினால் பெட்டியின் முன் பக்க பம்பு புஷ்ஷும் சீலும் சீக்கிரமே போய்விடும். தகடு எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை தூரம் பெட்டி பின்னால் போகிறது இல்லையா, அதற்குச் சமமாக கிராங்க் முனையிலும் ஒரு ஸ்பேசர். மேனுவல் பெட்டியின் தண்டு முனையைத் தாங்க கிராங்க்கில் இருந்த பைலட் பேரிங்கைக் கழற்றிவிட்டு, கன்வெர்ட்டர் மூக்கு அந்த ஓட்டையில் சரியாக உட்காரும்படி கடைந்து கொடுத்தார். கனமான ஃப்ளைவீலுக்குப் பதில் கன்வெர்ட்டரை இன்ஜினோடு இணைக்கிற மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட்.

கன்வெர்ட்டர் விஷயத்தில்தான் பலர் பெட்டியைக் கெடுக்கிறார்கள். அதைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும், ஒரே தள்ளில் போகாது. உள்தண்டு, ஸ்டேட்டர் தண்டு, கடைசியில் பம்பின் பல் என்று படிப்படியாக இறங்கும். கடைசிப் படி இறங்காமலே பெட்டியை இன்ஜினோடு சேர்த்து போல்ட்டை இறுக்கி இழுத்தால், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே பம்பு உடைந்துவிடும். தெரிந்தவர் ஒருவரின் வண்டிக்கு ஒரு பட்டறையில் இதேதான் ஆனது. பெட்டி முழுசாக உட்கார்ந்த பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், அதற்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் சந்து இருக்க வேண்டும். இருந்தது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

டிங்கர் வேலை கொஞ்சம். பெட்டி பருமன் என்பதால் நடுத்தரையைத் தட்டி அகலப்படுத்த வேண்டியிருந்தது. பி (பார்க்), என் (நியூட்ரல்) இரண்டிலும் மட்டும் ஸ்டார்ட் ஆகும்படி சுவிட்ச் மாட்டியாகிவிட்டது.

இப்போது கை வைத்திருப்பது த்ராட்டில் கேபிளில். கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் இந்த ஒரு கம்பிதான், நீ எவ்வளவு மிதிக்கிறாய் என்று உள்ளே சொல்கிறது. மிதிக்க மிதிக்க எண்ணெய் அழுத்தம் ஏற வேண்டும். கேபிள் தொய்வாக இருந்தால் இன்ஜின் முழு பலத்தோடு இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும், பெட்டிக்குள் கியரைப் பிடிக்கிற கிளச் பிளேட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். இசுசு கார்புரேட்டரின் நெம்புகோல் நகரும் தூரமும் இந்தப் பெட்டிக்கு வேண்டிய தூரமும் வேறு. இரண்டையும் ஒத்துப்போக வைக்க ஒரு சின்ன கேம், அதாவது வளைந்த விளிம்புள்ள துண்டு, கடையக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை சாவியைத் தொடுவதாக இல்லை.

எண்ணெய்க்குத் தனி கூலர் ரேடியேட்டருக்கு முன்னால். கன்வெர்ட்டர் வழுக்குகிற ஒவ்வொரு நொடியும் சூடுதான். பத்து டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுசு பாதி என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். கல்லாறு தாண்டி குன்னூர் ஏறுகிற எண்ணம் இருக்கிறவன் கூலரில் சிக்கனம் பார்க்கக்கூடாது. இறக்கத்தில் என்ன செய்வாய் என்று அடுத்து கேட்பாய். கீழ் கியரிலேயே நிறுத்திவைக்க 2, எல் என்று இரண்டு நிலை இருக்கிறது, அதில் போட்டு இறங்கலாம். மேனுவல் அளவுக்கு இன்ஜின் பிடிக்காது என்பது உண்மை. அந்த ஒரு விஷயத்தில் நீ ஜெயித்தாய்.

ஊட்டிப் பேச்செல்லாம் ஆர்.டி.ஓ. அனுமதி முடிந்த பிறகுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இன்ஜின் நம்பரும் சி.சி.யும் ஆர்.சி.யில் இருக்கிற விவரங்கள். மனு கொடுத்திருக்கிறேன். அதுவரை நம்ம தோட்டத்து இட்டேரிப் பாதைதான் வண்டிக்கு ஊர்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறிவிட்டது, முன் முனையும் பெட்டிக்குள் செருகுகிற டொயோட்டா யோக்காக மாற வேண்டும். இங்கேயும் செய்வார்கள். ஆனாலும் லாரி ஷாஃப்ட்டிலேயே வளர்ந்த உங்கள் ஊர்ப் பட்டறைக் கைக்குத்தான் எனக்கு நம்பிக்கை. வண்டியை நாலு சக்கரத்திலும் நிற்க வைத்து, யோக்கைக் கடைசிவரை தள்ளி, ஒரு இன்ச் வெளியே இழுத்து வைத்துத்தான் அளவு எடுத்தேன். ஷாஃப்டும் அளவுத் தாளும் வர்ற வாரம் லாரி ஆபீசில் போட்டு அனுப்புகிறேன். வெல்டிங் முடிந்ததும் பேலன்ஸ் கட்டாயம் பார்க்கச் சொல். ஷாஃப்ட்டின் இரண்டு முனை மூட்டிலும் இருக்கிற கிராஸ் இரண்டும் புதுசாகவே போடட்டும். பட்டறைக்காரரிடம் உன் செல்வாக்கைக் காட்டிக் காசைக் குறைக்காதே, கேட்டதைக் கொடுத்துவிட்டு பில்லை எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் மச்சான்