நூறு ஆட்டை ஒரே வாரத்தில் வாங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேசிய கால்நடை இயக்கத்தில் ஆட்டுப்பண்ணை தொடங்க 50 சதவீத மானியம் உண்டு. 100 பெட்டை, 5 கிடா கொண்ட பண்ணைக்கு அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். ஊரிலேயே பிழைக்க நினைக்கிற படித்த பிள்ளைகள் பலர் இதை நம்பிக் கடன் வாங்கிக் கொட்டகை போடுகிறார்கள். ஆடு நிற்கிற பரணின் உயரம், பலகை இடைவெளி எல்லாவற்றுக்கும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. ஆட்டை எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதற்குத்தான் இல்லை. பண்ணை படுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்.

நூறு தாயாடு ஒரே வாரத்தில் வேண்டும் என்றால் சந்தையை விட்டால் வழியில்லை. சனிக்கிழமை எட்டயபுரம், வியாழக்கிழமை அய்யலூர், செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் எல்லாமே கறிக்கு ஆடு பிடிக்க நல்ல இடங்கள். வளர்ப்புக்குத் தாயாடு பிடிக்கும் இடங்கள் அல்ல. ரெட்டைக் குட்டி போட்டு, இரண்டுக்கும் பால் கொடுத்துத் தேற்றுகிற ஆட்டை, பணமுடை கழுத்தை நெரித்தால் தவிர எந்த ஆட்டுக்காரரும் சந்தைக்கு ஓட்டி வரமாட்டார். வருவதில் கரு கலைந்தது, ஒரு காம்பு அடைத்தது, கிழடு தட்டியது நிறைய இருக்கும்.

சந்தையில் கண்ணை ஏமாற்றும் வேலைகளும் உண்டு. முதல்நாள் மாலையிலிருந்து குட்டியை ஊட்ட விடாமல் மடியைப் பெருக்க வைப்பார்கள். உப்புக் கலந்த தீனி போட்டுத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றை நிரப்புவார்கள். வேறு ஆட்டின் குட்டியைப் பக்கத்தில் கட்டி ‘குட்டியோடு ஆடு’ என்று விலை சொல்வதும் நடக்கிறது. குட்டியை அவிழ்த்து மடிக்கு விடச் சொல்லுங்கள். தாய் குனிந்து குட்டியின் வால்பக்கத்தை முகர்ந்துவிட்டுக் காலை அகட்டி நின்றால் அதன் குட்டி. முகர்ந்த கையோடு முட்டித் தள்ளினால் அது இரவல் குட்டி. மினுமினுவென்று கொழுத்த நாலு பல் பெட்டையை, அதாவது இரண்டு வயதை ஒட்டியதைக் கண்டதும் ஆசைப்படவும் வேண்டாம். அந்த வயதில் காம்பு சிறுத்து, குட்டி ஊட்டிய தடமே இல்லாமல் இருந்தால் மலடாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பல் பார்க்கத் தெரியாமல் பணத்தை எடுக்கக் கூடாது. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழ்த்தாடையில் எட்டு. எட்டும் சிறிய பால்பல்லாக இருந்தால் வயது ஒன்று, ஒன்றேகாலுக்குள். நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒன்றரை வயதை ஒட்டி இருக்கும். நாலு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு, ஆறு என்றால் மூன்று, எட்டும் சேர்ந்தால் நாலு. பல் விலகி, தேய்ந்து, உடைந்திருந்தால் அது போன காலத்து ஆடு. வளர்ப்புக்கு ரெண்டு பல், நாலு பல் ஆடுதான் ஏற்றது, அதிலும் ஒருமுறை ஈன்றது உத்தமம். அடுத்து கண்ணின் கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நன்றாகச் சிவந்திருக்க வேண்டும். காகிதம்போல் வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தை உறிஞ்சியிருக்கிறது. தாடைக்கடியில் நீர் கோத்திருந்தால் முற்றிய நிலை. மடியைக் கையால் அமுக்கிப் பார்த்து, கட்டி தட்டுப்பட்டாலோ ஒரு காம்பில் பால் வராவிட்டாலோ விட்டுவிட வேண்டியதுதான்.

எடை போட்டுக் கொடுக்கிறோம் என்பவரிடம் தராசு இல்லையென்றால் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் தோராயமான கிலோ கிடைக்கும். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் இருபத்து நாலரைக் கிலோ. வயிறு முட்டத் தண்ணீர் குடித்த ஆடு தராசில் ஏமாற்றும். நெஞ்சுச் சுற்றளவில் அவ்வளவாக ஏமாற்றாது.

தாயாடு வாங்க வேண்டிய இடம் அந்த இனம் புழங்குகிற ஊர்களின் பட்டிகள். கன்னி ஆட்டுக்கு விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம். கொடி ஆட்டுக்குத் தூத்துக்குடி, ராமநாதபுரம். சேலம் கருப்புக்குச் சேலம், நாமக்கல், தர்மபுரி. சாயங்காலம் மந்தை பட்டிக்குத் திரும்புகிற நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அடைத்து வைத்த குட்டிகளைத் திறந்துவிட்டதும் எந்த ஆட்டுக்கு இரண்டு குட்டி ஓடுகிறது, எது இரண்டுக்கும் நின்று கொடுக்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைச் சந்தையில் ஒரு நாள் முழுக்க நின்றாலும் பார்க்க முடியாது.

கிடா விஷயத்தில் எங்களுக்குப் பெரிய கவலை இருக்கிறது. வேகமாக வளர்கிற கிடாக்குட்டி பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ முதலில் கறிக்குப் போய்விடுகிறது. மிஞ்சுகிற சோனிக்கிடா பொலிக்கு, அதாவது பெட்டையோடு சேர்க்க நிற்கிறது. இப்படியே போனால் நல்ல மந்தையும் சில தலைமுறையில் உருவம் சிறுத்துவிடும். பொலிகிடாவைக் குட்டியிலேயே குறித்து, தாயைப் பார்த்து, முன்பணம் கொடுத்து நிறுத்தி வைக்க வேண்டும். ரெட்டையில் பிறந்ததாக இருக்கட்டும். விதை இரண்டும் இறங்கி, ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியது பிறவிக் குறை, குட்டிக்கும் போகும். இருபது, இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா போதும். இரண்டு ஆண்டில் மாற்றிவிடாவிட்டால் தன் குட்டிகளோடு தானே சேரும்.

தடுப்பூசி போடும் நேரத்தில்தான் படித்தவர்களும் தவறுகிறார்கள். ஆட்டைக் கொண்டுவந்து இறக்கிய பிறகு ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போடுகிறார்கள். ஊசி பிடித்து எதிர்ப்பு வர இரண்டு வாரம் ஆகும். நோய் ஒட்டினால் ஒரு வாரத்துக்குள்ளேயே காய்ச்சல், மூக்கில் சளி, வாய்ப்புண், கழிச்சல் என்று வெளிப்பட்டுவிடும். சந்தையில் தெளிவாக நின்ற ஆடு ஐந்தாம் நாள் விழுவது இப்படித்தான். விற்பவர் பட்டியிலேயே, ஏற்றுவதற்கு மூன்று வாரம் முன்பு ஊசி போட்டுவிட வேண்டும். ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு தாங்கும். நாலு மாதம் தாண்டிய செனை ஆட்டை வண்டியில் ஏற்றக் கூடாது. வந்த ஆடுகளைப் பழைய ஆடுகளோடு சேர்க்காமல் 21 நாள் தனியே கட்டுங்கள். தீவனத்தையும் சட்டென்று மாற்ற வேண்டாம். வேலிக்கருவை நெற்றும் உடையிலையும் தின்று பழகிய ஆட்டுக்கு வந்த அன்றே மக்காச்சோள மாவை அள்ளி வைத்தால் வயிற்றில் புளிப்பு ஏறிச் செத்துப்போகும். ஓர் ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 50 கிராமில் ஆரம்பித்து, மூன்று வாரத்தில் 200 கிராமுக்குக் கொண்டுபோகலாம்.

இவ்வளவும் பார்த்து நூறு ஆட்டை ஒரே மூச்சில் யாராலும் வாங்க முடியாது. ஆகவே ஆடு வாங்கும் கடன் தொகையை வங்கிகள் நாலு தவணையாக விடுவிக்க வேண்டும். முதல் தவணையில் 25 பெட்டை, ஒரு கிடா. அவை ஒரு ஈற்று கண்டு, குட்டி தேறிய பிறகு அடுத்தது. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் அந்தப் பகுதியில் தாயாடு விற்கிற பட்டிகளின் பெயர், ஆட்டு எண்ணிக்கை, கடைசியாக ஊசி போட்ட தேதி இவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, கேட்கிற இளைஞருக்குக் காட்ட வேண்டும். இதற்குப் புதிய நிதி தேவையில்லை. ஒரு நோட்டும், மாதம் ஒருமுறை அதைத் திருத்தி எழுத ஓர் ஆளும் போதும்.

ஆடு வளர்ப்போர் சிலர்,
விளாத்திகுளம் வட்டம்.