அடிபட்ட வீரரை வேவரில் விட்டால் அடுத்த அணி எடுக்கத்தான் செய்யும்

பெறுநர்: நேஷனல் ஃபுட்பால் லீக் போட்டிக் குழுவினர், 32 அணிகளின் பொது மேலாளர்கள்

வணக்கம்.

நியூ ஜெர்சியில் குடியிருக்கும், அமெரிக்க ஃபுட்பாலில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் ரசிகன் நான். தமிழில் எழுதிய மடல் பார்க் அவென்யூவில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் யார் கைக்கும் போய்ச் சேராது என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் டிவி முன்னால் உட்கார்ந்து உங்கள் விதிகளைத் திட்டுகிற என் கூட்டாளிகள் படிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்பதும் தெரியும். அணி கைவிட்ட காயம்பட்ட வீரரை இன்னோர் அணி எடுக்கலாமா என்ற இந்த விஷயத்தில் நான் என் அணியின் பக்கம் இல்லை.

ஆகஸ்டில் பயிற்சி முகாம் நடக்கும்போது ஒவ்வொரு அணியிலும் 90 பேர். சீசன் தொடங்குவதற்குள் அது 53 ஆக வேண்டும். இடையில் ஒருவருக்கு முழங்கால் போய்விடுகிறது என்று வையுங்கள். நான்கு சீசன் கணக்கில் ஏறிய மூத்த வீரர் என்றால் அணி அவரை நேராக, காயம்பட்டவர்களுக்கென்று இருக்கும் இன்ஜுர்டு ரிசர்வ் பட்டியலில் போட்டுவிடலாம். ரோஸ்டரில், அதாவது அணியின் ஆள் பட்டியலில், ஓர் இடம் காலியாகும், ஆளும் கையை விட்டுப் போகமாட்டார். இளைஞர் என்றால் அந்த வழி இல்லை. ஆகஸ்ட் கடைசியில் ஆட்குறைப்பு வரும்வரை, காயம்பட்டவர் என்ற குறிப்போடு அவரை முதலில் வேவரில், அதாவது விடுவிக்கப்பட்டவரை மற்ற அணிகள் கேட்டு எடுக்கும் பட்டியலில், விட்டாக வேண்டும். அடுத்த நாள் மாலை நான்கு மணி வரை மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரைக் கேட்கலாம். ஒப்பந்தம் இருக்கிறபடியே அவர் அங்கே போய்விடுவார். இரண்டு மூன்று அணிகள் கேட்டால், போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. யாரும் கேட்கவில்லை என்றால் பழைய அணியின் இன்ஜுர்டு ரிசர்வுக்கே திரும்பி வருவார்.

விதிப் புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான். நடைமுறையில் இருப்பது வேறு. காயக் குறிப்போடு வேவரில் வருகிறவரை மற்றவர்கள் தொடக்கூடாது என்று உங்களுக்குள் ஒரு பெரிய மனிதர்கள் ஏற்பாடு. யாரும் கையெழுத்துப் போட்டதில்லை, எங்கும் எழுதி வைத்ததும் இல்லை. நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற மாதிரிதான். துண்டுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, ஆனாலும் எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தவனைத்தான் பஸ்ஸே முறைக்கும்.

2012 ஜூனில் அப்படி உட்கார்ந்தவர் அப்போது பேட்ரியாட்ஸ் அணியின் கோச்சாக இருந்த பில் பெலிசெக். முறைத்தவர்கள் நாங்கள்.

ஜேக் பாலர்டை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒஹாயோ ஸ்டேட்டில் ஆடிய டைட் எண்ட், அதாவது எதிராளியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிறவர். கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் 2010 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. ஜயண்ட்ஸ் சும்மா கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. 2011 சீசனில் அவர் 38 பந்துகள் பிடித்தார், 604 யார்டு சேர்த்தார். நவம்பர் 6ஆம் தேதி பேட்ரியாட்ஸின் சொந்த மைதானமான ஃபாக்ஸ்பரோவில், ஆட்டம் முடிய 15 விநாடி இருக்கும்போது ஜயண்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஈலை மானிங் எறிந்த ஒரு யார்டு பந்தைப் பிடித்து பேட்ரியாட்ஸை 24-20 என்று சாய்த்தவரும் அவரே. மூன்று மாதம் கழித்து அதே இரண்டு அணிகளும் இண்டியானாபொலிஸில் சூப்பர் பௌல் என்கிற இறுதி ஆட்டத்தில் மோதின. நான்காம் கால்பகுதியில் பாலர்டின் முழங்கால் போனது. மைதானத்தின் ஓரத்தில் ஓடிப் பார்க்கிறேன் என்று இரண்டடி வைத்தவர் அப்படியே சரிந்து விழுந்ததை உலகமே பார்த்தது. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்திருந்தது. ஜயண்ட்ஸ் 21-17 என்று ஜெயித்தது.

அடுத்த சீசன் முழுக்க அவரால் ஆட முடியாது. அதே ஆட்டத்தில் இன்னொரு டைட் எண்டான டிராவிஸ் பெக்கமுக்கும் ஏசிஎல் போயிருந்தது. மார்ட்டெல்லஸ் பென்னட்டைப் புதிதாக ஒப்பந்தம் செய்திருந்தார்கள். முகாமுக்கு முன்னால் ரோஸ்டரில் ஓர் இடம் வேண்டியிருந்தது. ஜூன் மாதம் பாலர்டை வேவரில் விட்டார்கள். யாரும் தொடமாட்டார்கள், நம் இன்ஜுர்டு ரிசர்வுக்கே வந்துவிடுவார் என்பது கணக்கு. மறுநாள் பேட்ரியாட்ஸ் அவரைக் கேட்டு எடுத்துக்கொண்டது.

ஜயண்ட்ஸ் கோச் டாம் காஃப்லினுக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. ரசிகர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. பெலிசெக்கும் காஃப்லினும் பில் பார்செல்ஸின் கீழ் ஒரே ஜயண்ட்ஸ் பயிற்சியாளர் குழுவில் வேலை பார்த்தவர்கள் என்பது எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

அந்தச் சத்தத்தில் ஒரு விவரம் அமுங்கிப்போனது. சீசன் தொடங்கி மூன்று வாரம் ஆகும்வரை வேவர் வரிசை என்பது, மோசமாக ஆடிய அணி முதலில் வரும் டிராஃப்ட் வரிசைதான். சாம்பியனான ஜயண்ட்ஸ் கடைசி, சூப்பர் பௌலில் தோற்ற பேட்ரியாட்ஸ் அதற்கு முந்தின இடம். அதாவது, பேட்ரியாட்ஸ் கைக்கு அந்தப் பெயர் வந்து சேர, முன்னால் இருந்த 30 அணிகளும் அவரை வேண்டாம் என்று விட்டிருக்க வேண்டும். இரண்டே வெற்றியோடு 2011ஐ முடித்த அணிகள் கூட அதில் இருந்தன. டைட் எண்ட் தேவைப்படாத அணிகளா எல்லாம்? 2013இல் முழுக் காலோடு ஆடக்கூடிய, குறைந்த சம்பள ஒப்பந்தத்தில் இருக்கிற, ஒரு சீசனில் 600 யார்டு சேர்த்துக் காட்டிய ஆள். பேட்ரியாட்ஸிடம் ஏற்கெனவே நட்சத்திர டைட் எண்ட் ராப் கிராங்கவ்ஸ்கி இருந்தார். அவசியமே இல்லாத அணி ஒன்றுதான் கேட்டது. மற்ற முப்பதில் சில அணிகளாவது பாலர்டை எடைபோட்டுப் பார்க்காமல், ஏற்பாட்டை மதித்துத்தான் கையைக் கட்டிக்கொண்டிருந்தன என்பது என் சந்தேகம்.

அப்படியானால் அந்த ஏற்பாடு யாரைக் காப்பாற்றியது என்று கேட்கிறேன். முகாமில் காயத்தால் பயிற்சியைத் தொடங்க முடியாத வீரர்களுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. பாலர்டை ஜயண்ட்ஸ் அதில் வைத்திருக்கலாம். செப்டம்பரில் அது 53இல் சேராது. ஆனால் ஆகஸ்ட் முடியும்வரை 90இல் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த ஓர் இடத்தைக் கூடக் கொடுக்க மனமில்லாமல்தான் அவரை வேவரில் விட்டார்கள். 90க்குள் இடம் கொடுக்காதவரை இழந்துவிட்டோம் என்று புலம்புவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பேட்ரியாட்ஸ் புண்ணியம் செய்தது என்றும் சொல்ல வரவில்லை. 2012 முழுக்க பாலர்ட் ஆடவில்லை. 2013 ஆகஸ்ட் கடைசியில் அவரை விட்டுவிட்டார்கள். பேட்ரியாட்ஸ் சட்டையில் சீசனின் ஓர் ஆட்டம் கூட அவர் ஆடியதில்லை. அரிஸோனா கார்டினல்ஸில் சில ஆட்டங்கள் ஆடிவிட்டு 2014இல் ஓய்வு பெற்றார். வயது 26. அடிபட்ட முழங்காலோடு, பழகிய டிரெய்னர்களையும் கூட ஜெயித்த தோழர்களையும் விட்டு, தான் தோற்கடித்த அணியின் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். போக மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி இல்லை. இரண்டு அணிகளும் அவருக்காக அடித்துக்கொண்டன என்றுதான் அப்போது செய்தி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லும் விதி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

வேவரே தப்பு என்று சொல்கிறவன் அல்ல நான். 2022 டிசம்பரில் கரோலினா பாந்தர்ஸ் விட்ட குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டை ராம்ஸ் எடுத்தது. வந்த இரண்டாவது நாளே களமிறங்கி ரெய்டர்ஸை 17-16 என்று ஜெயித்துக் கொடுத்தார். பிறகு டாம்பா பே போய் 2024இல் பெரிய ஒப்பந்தமே வாங்கினார். ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் எடுப்பதுதான் அந்த ஏற்பாட்டின் பயன். உடம்பு சரியாக இருக்கிறவருக்குத் திறந்திருக்கும் கதவு, முழங்காலில் கட்டுப் போட்டவருக்கு மட்டும் ஏன் சாத்தியிருக்க வேண்டும்? அவருக்கல்லவா அது கூடுதலாகத் தேவை? யாரும் எடுக்காமல் திரும்பி வந்த இளைஞருக்கு என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பலருடைய ஒப்பந்தத்தில் இன்ஜுர்டு ரிசர்வில் இருந்தால் குறைந்த சம்பளம் என்று தனி எண் இருக்கும். இல்லையென்றால் இத்தனை வாரத்துக்கு இவ்வளவு என்று காசைக் கொடுத்துக் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. வீரர் சங்கத்தோடு நீங்கள் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் 17ஆம் பிரிவு, அணிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு வீரர்களை ஒதுக்கக்கூடாது என்பதற்காகவே இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. காயம்பட்டவரைக் கேட்காமல் இருப்பது என்ற மௌன ஏற்பாடு அந்தப் பிரிவில் சிக்குமா என்பதை வக்கீல்கள் சொல்லட்டும். ஆனால் ஓர் அணி விதிப்படி நடந்ததற்காக மற்ற அணிகள் கோபித்துக்கொண்டால், அந்தக் கோபத்துக்கு அடியில் ஏதோ ஓர் உடன்பாடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நீங்கள் கோபப்படாமல் இருந்திருந்தால் எனக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

விதியை மாற்ற முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். இன்ஜுர்டு ரிசர்வ் விதியை நீங்கள் மாற்றிய அளவுக்கு எங்கள் வீட்டில் டிவி சேனல் மாறியதில்லை. 2012 வரை அதில் போனால் சீசனே முடிந்தது. அந்த ஆண்டுதான் அணிக்கு ஒருவர் திரும்பி வரலாம் என்றீர்கள். பிறகு இருவர். 2020இல் கோவிட் வந்ததும் எத்தனை பேர் வேண்டுமானாலும் என்று திறந்துவிட்டீர்கள். 2022இல் எட்டு என்று வரம்பு வைத்தீர்கள். 2024இல் ஆட்குறைப்பு நாளிலேயே இருவரைத் திரும்பி வரக்கூடியவர்களாகக் குறிக்கலாம் என்றீர்கள். அணிகளுக்கு வசதியான மாற்றம் என்றால் விதிகளை மாற்றும் உங்கள் மார்ச் கூட்டத்தில் தேவையான 24 ஓட்டு சேர்வது அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை.

இதையும் அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். செப்டம்பரில் அடிபட்ட இளைஞரை நேராக இன்ஜுர்டு ரிசர்வில் போட முடிகிறபோது, ஜூனிலும் ஜூலையிலும் முடியாது என்பதற்கு எனக்குக் காரணம் விளங்கவில்லை. அணிக்கு அவர் உண்மையிலேயே வேண்டும் என்றால் எந்த மாதமானாலும் மூத்தவரைப் போல நேராக அங்கே அனுப்ப விடுங்கள். அப்படி அனுப்பினால் குறைந்த சம்பள எண் செல்லாது, ஒப்பந்தத்தில் உள்ள முழுத் தொகையும் தர வேண்டும் என்றும் அதோடு எழுதுங்கள். இதற்கு வீரர் சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும், பேசுங்கள். வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற அணி அதற்கான காசைக் கொடுக்கட்டும்.

அந்தக் காசைக் கொடுக்க மனமில்லாமல் வேவரில் விட்டால், அவரை எந்த அணியும் கேட்கலாம் என்று 32 அணிகளுக்கும் எழுத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அடுத்த கோச் செய்தியாளர்களிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்போது எங்கள் கையில் காட்டுவதற்கு அது ஒன்று இருக்கும்.

நான் பிடிவாதமாகக் கேட்பது இன்னொன்று உண்டு. காயக் குறிப்போடு வேவரில் விடப்பட்ட வீரரை வேறோர் அணி கேட்டால், அவருக்கு ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். புதிய அணிக்குப் போவதா, பழைய அணியின் இன்ஜுர்டு ரிசர்விலேயே இருப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும். அறுவை சிகிச்சை நிபுணரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை அதே கூட்டு ஒப்பந்தத்தில் அவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கத்தி வைக்கிறவரைத் தேர்ந்தெடுக்கலாம், கட்டு ஆறும்வரை எந்த ஊரில் இருப்பது என்பதைத் தேர்ந்தெடுக்கக் கூடாதா? பெரும்பாலும் அவர் பழைய அணியையே சொல்லக்கூடும். பாலர்டைக் கேட்டிருந்தால் ஜயண்ட்ஸ் என்று சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கிறேன், அது ரசிகனின் ஆசையாகவும் இருக்கலாம். வரிசையில் முதலில் இருக்கிற அணிக்கு இதனால் நஷ்டம் என்று மேலாளர்கள் ஆட்சேபிப்பார்கள். நான்கு சீசன் முடித்தவர் விடுவிக்கப்பட்டால் பருவத்தின் பெரும் பகுதியில் வேவரே இல்லாமல் இஷ்டப்பட்ட அணிக்குப் போகிறாரே, அந்த நஷ்டத்தை எல்லாரும் தாங்கிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

அடுத்த ஆகஸ்டுக்குள் இது முடியாது என்று தெரியும். அடுத்த மார்ச் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியாக வந்தாலும் போதும். ஏதாவது ஓர் அணி முன்மொழிந்தாக வேண்டும். ஜயண்ட்ஸ் முன்மொழிந்தால் பொருத்தமாக இருக்கும், பேட்ரியாட்ஸ் வழிமொழியலாம்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு ஜயண்ட்ஸ் ரசிகன்